திங்கள்கிழமை போகாதீர்கள், தொழுவத்து அம்பாசிடருக்கு முன்பணமும் தராதீர்கள்

கேள்வி: உடுமலைப்பேட்டை பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. அப்பாவுக்கு 74 வயது. பழனி – பொள்ளாச்சி ரோட்டில் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். கோயம்புத்தூரில் பழைய கார்களுக்கென்று இருக்கும் ஜி.டி. கார் மியூசியத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்கிறார். இரண்டு முட்டியும் தேய்மானம், ரொம்ப நேரம் நிற்க முடியாது. பத்து வயது மகனும் கூட வருவான். எங்கள் ஊர் டிராவல்ஸ்காரர் ஒரே நாளில் மியூசியம், மருதமலை, ஈஷா, நடுவில் ‘விண்டேஜ் காரில் ஒரு ரவுண்டு’ என்று பேக்கேஜ் சொல்கிறார். திங்கள்கிழமை அவர் வண்டி சும்மா நிற்பதால் அன்றைக்கு ரேட் குறைவாம். எங்கள் தொழுவத்தில் தாத்தா வாங்கிய 1965 மாடல் அம்பாசிடர் நிற்கிறது. அதை மியூசியத்தில் எடுத்துக்கொள்வார்கள், ‘விண்டேஜ் சர்டிபிகேட்’ வாங்க 25,000 ரூபாய் முன்பணம் கொடுத்தால் தெரிந்த ஆள் முடித்துக் கொடுப்பார், போகிற அன்றைக்கே பேசிவிடலாம் என்றும் சொல்கிறார். நம்பலாமா? அப்பாவை எப்படிக் கூட்டிப் போவது?

பதில்: அம்மணி, திங்கள்கிழமை அந்த மியூசியத்துக்கு விடுமுறை. உங்கள் டிராவல்ஸ்காரருக்கு இது தெரியவில்லை என்றால் அவர் அந்தப் பக்கமே போனதில்லை. தெரிந்தே சொல்கிறார் என்றால் இன்னும் மோசம். வாசல் வரை கூட்டிப் போய், “அடடா, இன்னைக்கு லீவாம்” என்று கையை விரித்துவிட்டு, அப்படியே மருதமலைக்கு வண்டியைத் திருப்பும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். வாங்கிய காசு வாங்கியதுதான்.

பேக்கேஜையும் விட்டுவிடுங்கள். மியூசியம் அவினாசி ரோட்டில் இருக்கிறது. மருதமலை ஊருக்கு வடமேற்கே. ஈஷா, வெள்ளியங்கிரி மலையடிவாரத்தில், ஊரைத் தாண்டி மேற்கே வெகுதூரம். மூன்றையும் ஒரே நாளில் பார்க்கலாம் என்று சொல்பவர் காட்டப்போவது கோயம்புத்தூர் டிராஃபிக்கை மட்டும்தான். முட்டி தேய்ந்தவருக்கு ஒரு நாளில் ஒரு இடம் போதும். அதற்கே உங்கள் ஊரிலிருந்து போக வர நாலைந்து மணி நேரம் ஆகிவிடும்.

பையனுக்குப் பள்ளிக்கூடம் இருக்கும், அதனால் சனிக்கிழமை காலை போங்கள். ஞாயிறு மதியம் வேண்டாம். குழந்தை குட்டிகளோடு கூட்டம் வரும், அப்பா நிதானமாக ஒரு காரின் முன்னால் நிற்க முடியாது. புறப்படுவதற்கு முந்தின நாள் மியூசியத்துக்கே நேராக போன் போட்டு மூன்று விஷயம் கேளுங்கள்: நாளைக்குத் திறந்திருக்குமா, சக்கர நாற்காலி கிடைக்குமா, வண்டியை வாசல் வரை கொண்டுவந்து பெரியவரை இறக்கிவிடலாமா. சீட்டை அங்கேயே கவுன்டரில் வாங்குங்கள். ‘நான் முன்கூட்டியே எடுத்துத் தருகிறேன்’ என்று எவர் சொன்னாலும் சிரித்துவிட்டு நகருங்கள்.

வழியில் ஒரு விஷயம் கவனம். அவினாசி ரோட்டின் மேல் இப்போது பத்து கிலோமீட்டருக்குப் பாலம் வந்துவிட்டது. அதற்கு, இந்த மியூசியத்தின் பெயரில் இருக்கிற அதே கோயம்புத்தூர் தொழிலதிபர் ஜி.டி. நாயுடு பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அவர் பெயர் கொண்ட பாலத்தில் ஏறினால் அவர் வளாகத்தைத் தாண்டிப் போய்விடுவீர்கள். டிரைவரைக் கீழ் ரோட்டிலேயே வரச் சொல்லுங்கள்.

இப்போது அப்பாவின் முட்டிக்கு வருவோம். நடப்பதைவிட ஒரே இடத்தில் நிற்பதுதான் முட்டிக்குக் கஷ்டம். மியூசியத்தில் நாம் செய்வதோ அதுதான், இரண்டு அடி வைப்பது, நிற்பது, மறுபடி இரண்டு அடி. எல்லா காரையும் பார்த்தே தீருவது என்று கிளம்பினால் பத்தாவது காருக்கு மேல் அவர் கண் காரில் இருக்காது, உட்கார இடம் தேடும். அதனால் முதலில் பையனை ஒரு சுற்று ஓடிவிட்டு வரச் சொல்லுங்கள். எது எது எங்கே நிற்கிறது என்று அவன் வந்து சொல்லட்டும். அதிலிருந்து தாத்தா ஐந்தாறைத் தேர்ந்தெடுத்து அவற்றின் முன்னால் மட்டும் நேரம் செலவழிக்கட்டும். மடக்கு ஸ்டூல் ஒன்று கொண்டுபோகலாமா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள்.

அந்த இடத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ராஜாக்கள் வைத்திருந்த வெள்ளி பூசிய கார்களைக் காட்டி வாய்பிளக்க வைக்கும் இடங்கள் வடக்கே உண்டு. இது அந்த ரகமில்லை. கார் என்னும் எந்திரம் எப்படிப் படிப்படியாக மாறி வந்தது என்று காட்டுவதுதான் இங்கே நோக்கம். அதனால்தான் உங்கள் அப்பாவைப் போன்ற தொழில்காரருக்கு இதை நான் சிபாரிசு செய்வேன். இன்னொரு காரணமும் இருக்கிறது. ஜி.டி. நாயுடு 1920இல் தன் முதல் பஸ்ஸை ஓட்டியது எந்த ரூட்டில் தெரியுமா? பொள்ளாச்சியிலிருந்து பழனிக்கு. உங்கள் அப்பா முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்த அதே ரோடு. இதை அவருக்கு முன்னாலேயே சொல்லிவிடாதீர்கள், அங்கே போய்ச் சொல்லுங்கள்.

உள்ளே போனதும் 1886ஆம் வருஷத்து பென்ஸ் மூன்று சக்கர வண்டியின் நகல் ஒன்று இருக்கும். பார்த்தால் குதிரையைக் கழற்றிவிட்ட வண்டி மாதிரிதான் தெரியும். ஒரே சிலிண்டர், முக்கால் குதிரைசக்தி. ஸ்டியரிங் வீல் கிடையாது, ஒரு கைப்பிடிதான். பையனுக்கு அங்கே ஒரு கதை சொல்லலாம். 1888இல் பென்ஸின் மனைவி பெர்த்தா, புருஷனிடம் சொல்லாமல், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தன் தாய் வீட்டுக்கு நூறு கிலோமீட்டர் போல இந்த மாதிரி வண்டியில் போனார். பெட்ரோல் பங்க் என்ற ஒன்றே இல்லாத காலம். வழியில் ஒரு மருந்துக் கடையில், கறை போக்க விற்கும் திரவத்தை வாங்கி ஊற்றிக்கொண்டார். இறக்கத்தில் பிரேக் கட்டை தேய்ந்துபோனபோது, செருப்புத் தைப்பவரிடம் தோல் வாங்கி அடிக்கச் சொன்னார். பிரேக் லைனிங் பிறந்த கதை இது என்றால் உங்கள் அப்பா தலையை ஆட்டுவார்.

ஃபோர்டு மாடல் டி கண்ணில் பட்டால் அப்பாவை அதன் பெடல்களைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். மூன்று பெடல் இருக்கும், ஆனால் நாம் பழகிய மூன்று அல்ல. இடது பெடலில்தான் கியர், நடுவில் இருப்பது ரிவர்ஸ், வலதுதான் பிரேக். ஆக்சிலேட்டர் ஸ்டியரிங்குக்குக் கீழே கைப்பிடியாக இருக்கும். முப்பது வருஷ டிரைவரையே அதில் உட்கார வைத்தால் முதல் திருப்பத்தில் வேலியில் விட்டுவிடுவார். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டி இப்படித்தான் செய்தார்கள். பெட்ரோல் டாங்கிலிருந்து பம்ப் இல்லாமல் தானாகவே கீழே இறங்க வேண்டும் என்பதால், செங்குத்தான மேட்டில், டாங்கில் பெட்ரோல் குறைவாக இருந்தால் இன்ஜின் நின்றுவிடும். அதனால் ரிவர்ஸில் மேடேறுவார்கள்.

ஃபோக்ஸ்வேகன் பீட்டில் முன்னால் நிற்கும்போது பையனிடம் ரேடியேட்டர் எங்கே என்று கேளுங்கள். தேடிக்கொண்டே இருப்பான். அதற்கு ரேடியேட்டரே கிடையாது. இன்ஜின் பின்னால், குளிர்விப்பது காற்று. மலை ஏறும்போது ரேடியேட்டர் கொதித்து, ஓரமாக நிறுத்தி, குடத்தில் தண்ணீர் தேடி அலைந்த தலைமுறை உங்கள் அப்பாவுடையது. பேரனுக்கு அவரே பாடம் எடுப்பார். கைடு வேண்டாம். டபுள் கிளட்ச் போடாமல் கியர் விழாத காலத்தைப் பற்றியும் அவர்தான் சொல்ல வேண்டும், நான் எழுதி நீங்கள் படித்தால் புரியாது.

கார்களை அவ்வப்போது இடம் மாற்றி நிறுத்துவார்கள், பராமரிப்புக்கு உள்ளே எடுத்துப் போவார்கள். குறிப்பிட்ட ஒரு காரைப் பார்ப்பதற்காகவே போவதானால் அதையும் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். எதையும் தொடக் கூடாது. தொழில்காரர்களுக்கு இது கஷ்டம், கை தானாகவே பானட் பக்கம் போகும். நூறு வயது பெயின்ட்டில் விரல் வியர்வை பட்டால் என்ன ஆகும் என்பது என் பட்டறைக்கு வந்து பார்த்தால் தெரியும். பையனின் பேன்ட் பெல்ட் பக்கிள் மேல் ஒரு கண் வையுங்கள், கீறல் போடுவது பெரும்பாலும் அதுதான்.

அதே வளாகத்தில் எக்ஸ்பெரிமென்டா என்று ஒரு அறிவியல் மையமும் இருக்கிறது. தொட்டு, சுற்றி, இழுத்துப் பார்க்கிற சாமான்கள். கார் பார்த்துச் சலித்துப்போனால் பையனை ஒருவர் அங்கே கூட்டிப் போகலாம், அப்பா உட்கார்ந்திருக்கட்டும். மருதமலையை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சரி, இனி உங்கள் டிராவல்ஸ்காரரின் மற்ற சரக்குகள்.

‘விண்டேஜ் காரில் ஒரு ரவுண்டு’ என்று காசு வாங்கிக்கொண்டு ஏற்றுவது தப்பு. மத்திய அரசு 2021 ஜூலையில் விண்டேஜ் வண்டிகளுக்குத் தனியாக விதி கொண்டுவந்தது. அதன்படி விண்டேஜாகப் பதிவான வண்டியை வாடகைக்கோ, தினசரி ஓட்டத்துக்கோ ரோட்டில் எடுக்கக் கூடாது. கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, ரிப்பேர், இவற்றுக்கு மட்டும்தான். விண்டேஜாகப் பதிவாகாத சொந்த உபயோக வண்டி என்றால் அதையும் வாடகைக்கு விடக் கூடாது. வழியில் ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனி கை கழுவிவிடும். பெரும்பாலும் அந்த ‘விண்டேஜ் கார்’ கல்யாணத்துக்கு விடுகிற, மேலே பூ ஜோடித்த, ஜீப் சேஸிஸில் தகரம் அடித்துச் செய்த வண்டியாகத்தான் இருக்கும். அப்பா பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார், உங்களுக்கு மானம் போகும்.

அடுத்து அந்த சர்டிபிகேட். இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு ரத்தம் கொதிக்கிறது. உக்கடத்திலும் சென்னைப் புதுப்பேட்டையிலும் பழைய இரும்பு எடை போடுகிற இடத்தில் சுற்றுகிற புரோக்கர்கள், 2021க்குப் பிறகு திடீரென்று ‘விண்டேஜ் கன்சல்டன்ட்’ ஆகிவிட்டார்கள். தொழுவத்தில் கார் நிற்கிற வீடாகப் பார்த்து வருவார்கள். மியூசியத்துக்கு ஆள் தெரியும் என்பார்கள். முன்பணம் வாங்குவார்கள். இரண்டு மாதம் கழித்து, “மியூசியத்துல வேணாம்னுட்டாங்க, ஆனா ஒரு பார்ட்டி இருக்கு” என்று அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள். அந்தப் பார்ட்டி அவர்களே. இதுதான் அவர்கள் வேலை, வேறு எதுவும் இல்லை. டிக்கெட் கவுன்டருக்குப் போகிற வழியில் வைத்து எந்த மியூசியமும் கார் வாங்காது. அம்பாசிடர் கொல்கத்தா பக்கத்து உத்தர்பாராவில் 1957 முதல் 2014 வரை செய்த வண்டி. அபூர்வம் என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. உங்களுக்கு அது விலை மதிப்பில்லாதது, ஏனென்றால் தாத்தா வாங்கியது. அந்த மதிப்பை புரோக்கரிடம் காட்டிக்கொள்ளாதீர்கள்.

உண்மையில் இருப்பது சர்டிபிகேட் இல்லை, பதிவு. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆன, சொந்த உபயோக வண்டி, தயாரித்தபோது இருந்த வடிவிலேயே இருந்தால் விண்டேஜாகப் பதியலாம். விண்ணப்பம் அரசாங்கத்தின் பரிவாகன் இணையதளத்தில். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். அதன்பின் மறுபதிவுக்கு 5,000. அறுபது நாளில் கொடுத்தாக வேண்டும் என்று விதி சொல்கிறது. விதி என்ன வேண்டுமானாலும் சொல்லும், அதற்குப் பிறகு வருகிறேன்.

இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். புதிதாகப் பதிகிற விண்டேஜ் வண்டிக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்து வருகிற புது நம்பர் கொடுப்பார்கள். ஆனால் ஏற்கெனவே பதிவாகி நம்பர் இருக்கிற வண்டி, தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். உங்கள் தாத்தா 1965இல் வாங்கி ஓட்டிய வண்டி. அதற்கு அந்தக் காலத்து மூன்றெழுத்து நம்பர் இருக்கும், ஆர்.சி. புத்தகம் பீரோவில் எங்காவது இருக்கும். அந்த நம்பர் உங்களுடையது. புரோக்கர் வந்து, “பழைய நம்பர் செல்லாது, வி.ஏ. நம்பர் வாங்கினாத்தான் விண்டேஜ், அதுக்குத்தான் செலவு” என்பான். பொய். மறுபடியும் சொல்கிறேன், ஏற்கெனவே பதிவான வண்டிக்கு நம்பர் மாற வேண்டியதில்லை. தகரத்தில் பெயின்ட் அடித்த அந்தப் பழைய நம்பர் பிளேட்டுக்கே தனி மவுசு உண்டு. அதைக் கழற்றிக் கொடுங்கள் என்று யாராவது கேட்டால் காரையே கேட்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்.சி. புத்தகத்தின் ஒரிஜினலையும் யார் கையிலும் கொடுக்காதீர்கள், ஜெராக்ஸ் போதும்.

இன்னொன்று, பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் பானட்டைத் திறந்து உள்ளே என்ன இன்ஜின் இருக்கிறது என்று பாருங்கள். பெட்ரோல் விலை ஏறிய காலத்தில் நம் பக்கம் முக்கால்வாசி அம்பாசிடருக்கு பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு மெட்டடார் வேனின் டீசல் இன்ஜினை ஏற்றினார்கள். நானே ஏற்றியிருக்கிறேன், பாவம். உங்கள் வண்டியிலும் அது நடந்திருந்தால், இன்ஜின் மாறிய வண்டி விண்டேஜ் பதிவுக்கு ஆகாது, கதை முடிந்தது. அதைத் தெரிந்துகொள்ள உங்கள் அப்பா ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்தால் போதும், 25,000 ரூபாய் தேவையில்லை.

அறுபது நாள் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வாடிக்கையாளரின் 1950களின் காரைப் பதிய ஒரு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு எட்டு நடை நடந்தேன். எந்த ஊர் என்று கேட்காதீர்கள். சேஸிஸ் நம்பரைப் பென்சில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால், கம்ப்யூட்டரில் ஏறவில்லை, பதினேழு இலக்கம் வேண்டும் என்றார்கள். பதினேழு இலக்க நம்பர் அமெரிக்காவிலேயே 1981இல்தான் கட்டாயமானது ஐயா, இந்தக் கார் அதற்கு இருபத்தைந்து வருஷம் மூத்தது என்று விளக்கினேன். “அப்ப முன்னால சைபர் போட்டுக்குங்க” என்றார் ஒருவர். அடுத்த நடையில் இன்னொருவர், சைபர் போட்டதால் ஆர்.சி.யோடு ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பினார். ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிக்கென்றே விதி எழுதுகிறவர்களுக்கு, ஐம்பது வருஷத்துக்கு முந்தைய சேஸிஸ் நம்பர் எத்தனை இலக்கம் என்று ஒரு பழைய மெக்கானிக்கைக் கேட்கத் தோன்றவில்லை. புரோக்கர்கள் பிழைப்பது இந்த ஓட்டையில்தான். அவர்களை நான் திட்டுகிறேன், ஆனால் அவர்களை வளர்த்துவிடுவது கவுன்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள்.

இது இன்று நேற்று வந்த வியாதியும் இல்லை. நீங்கள் போகப்போகிற மியூசியத்தின் மூலபுருஷர் 1952இல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றை, 2,000 ரூபாய்க்குக் கொடுக்கலாம் என்று செய்து காட்டினார். அரசாங்கம் லைசென்ஸ் தரவில்லை, அதோடு நின்றுபோனது. கோயம்புத்தூர்க்காரர்கள் இதை இன்னும் நேற்று நடந்த மாதிரிதான் பேசுவார்கள். நானும் அதில் சேர்த்தி.

அதனால் போகிற அன்றைக்குக் கார் வியாபாரம் எதையும் பேசாதீர்கள். டிராவல்ஸ்காரரிடம் சனிக்கிழமை போக வர வண்டி மட்டும் கேளுங்கள். கிலோமீட்டருக்கு எவ்வளவு, டிரைவர் படி எவ்வளவு என்று முன்னாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒத்துவரவில்லை என்றால் உடுமலையிலிருந்து பஸ்ஸில் உக்கடம் வந்து, அங்கிருந்து டாக்ஸி பிடியுங்கள். பஸ்ஸில் முன் சீட் கிடைத்தால் அப்பாவுக்கு அதுவே பாதிச் சுற்றுலா.

அந்தத் தொழுவத்து வண்டிக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. மியூசியம் பார்த்துவிட்டு வந்த உற்சாகத்தில் அன்றைக்கே ஜம்பர் கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்துவிட வேண்டாம். வருஷக்கணக்கில் நின்ற இன்ஜினில் பிஸ்டன் ரிங் இறுகிப் பிடித்திருக்கும், பலவந்தமாகச் சுற்றினால் உள்ளே உடையும். பெட்ரோல் இன்ஜினாகவே இருந்தால், பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, இரண்டு நாள் அப்படியே விடுங்கள். அப்புறம் ஹேண்டில் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்கட்டும், சுற்றினால்தான் பேட்டரியைப் பற்றிப் பேச்சு. ஏர் ஃபில்டரில் எலிக்கூடு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், தொழுவத்தில் நின்ற வண்டியில் நிச்சயம் இருக்கும்.